பச்சை விளக்கு காட்டிய புரோட்டா

போன வாரம் என் மனைவி கமலாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காரணம் நான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கமலாவுக்குச் சர்க்கரை. விருதுநகரில் நாங்கள் பார்க்கும் ஆஸ்பத்திரியில், என்ன சாப்பிட்டோம் என்பதைச் செல்போன் ஆப்பில் பதியச் சொல்கிறார்கள். டயட்டீஷியன் அதைப் பார்த்து டாக்டரிடம் சொல்வார். கமலாவுக்குப் போன் பழக்கமில்லை. பதிவது நான் - ஓய்வுபெற்ற பேராசிரியர் அல்லவா?

வாரத்தில் பாதி நாள் ராத்திரிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ப் புரோட்டா. கொதிக்கிற எண்ணெயில் பொரித்தெடுப்பது. அது ஆப்பின் பட்டியலில் இல்லை. சப்பாத்தி இருந்தது. தொட்டேன்... 'சாப்பிடலாம்' என்று பச்சை விளக்கு. இரண்டும் வட்டம்தானே?

டயட்டீஷியன் ஜாஸ்மின், சாத்தூர்ப் பெண். வேலைக்குப் புதிது. போன வாரம் சந்தேகப்பட்டுக் கேட்டார்: "சார், சாப்பாடு சரியாத்தான் இருக்கு. சுகர் மட்டும் எறங்கல. அம்மா வெளிய ஏதும் சாப்புடுறாகளா?"

கமலா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எல்லாம் ஆப்ல இருக்கும்மா. அதப் பாக்க ஒங்களுக்குச் சொல்லித் தரலையா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. மறுபடி திரையைப் பார்த்தார். சாப்பாடு சரி என்று நம்பி டாக்டர் இன்சுலினைக் கூட்டினார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அன்று ராத்திரி நிஜமாகவே சப்பாத்தி. சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில், "ஏங்க, கை நடுங்குது," என்றாள் கமலா. சேலையெல்லாம் வியர்வை. சர்க்கரைத் தண்ணீர் கலக்குவதற்குள் நினைவு தப்பிவிட்டது.

பிழைத்துக்கொண்டாள். புரோட்டாவுக்குக் கூட்டிய இன்சுலின், சப்பாத்தி சாப்பிட்டவளின் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிட்டிருந்தது.

மறுநாள் டாக்டர், சாப்பாட்டைச் சரியாக விசாரிக்கவில்லை என்று எங்கள் முன்னாலேயே ஜாஸ்மினைக் கடிந்துகொண்டார். "நான் இன்னும் கேட்டிருக்கணும் டாக்டர்," என்று அவர் தலைகுனிந்தார். நான்... செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கட்டிலில் கிடந்த கமலாதான் சொன்னாள்: "அந்தப் புள்ளைய எதுக்கு வையிறீக? புரோட்டாவச் சப்பாத்தின்னு போட்டது இவுக. தின்னது நான்."

டயட்டீஷியன்கள் புதுக் கருவிகளுக்குத் தயாரா என்று நாம் கேட்கிறோம். பட்டனைத் தட்டச் சீக்கிரம் பழகிவிடலாம். எப்போது திரையை விட்டு ஆளைக் கேட்க வேண்டும் - அதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? ஜாஸ்மினுக்கு அது தெரிந்திருந்தது. வாயை அடைத்தவன் நான்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இனிமே அம்மாட்டயே கேட்டுக்கிறேன் சார்," என்றார். பட்டியலில் எண்ணெய்ப் புரோட்டாவைச் சேர்க்க வைத்துவிட்டார்.

இப்போது கமலாவே போனைத் தட்டப் பழகிப் பதிகிறாள். நேற்று ஆசைக்கு ஒரே ஒரு புரோட்டா. சிவப்பு விளக்கு எரிந்தது. நிம்மதியாக இருந்தது.