மூன்று சாஸும் என் மனைவியின் மூக்கும்

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஸ்ரீரங்கத்தை விட்டுக் கலைந்த வாரத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது; போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதற்கும் நாள் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் வாசனை போன நாளை மட்டும் என்னால் குறிக்க முடியவில்லை. பொங்கலன்று நெய் தீய்ந்து புகைந்தபோது அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே சும்மா நின்றாள். அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

தில்லை நகரில் ஒரு டாக்டரிடம் போனோம். “நரம்பு சமாச்சாரம். மெதுவாத்தான் வரும், வராமலும் போகலாம்” என்றார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், ரோஜா, நீலகிரித் தைலம் இவற்றைக் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். டப்பாக்களை ஒவ்வொன்றாக அவள் மூக்கருகே நீட்டுவது என் வேலை. “இல்லை” என்பாள். அடுத்தது. “இல்லை.” மாசி, பங்குனி, சித்திரை என்று அப்படியே போயிற்று. கடைசியில் நான் மூடியைத் திறக்கும் முன்பே இல்லை என்று சொல்லிவிடுவாள். நானும் திறக்காமலே எடுத்து வைத்துவிடுவேன்.

மூக்கு போனால் சமையலும் போகுமா என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் போகும். பெருமாளுக்கு நிவேதனமாகக் காட்டும் முன் தளிகையை, அதாவது சமைத்ததை, யாரும் வாயில் வைக்கக் கூடாது. உப்பு கை அளவு, மற்றதெல்லாம் மூக்கு. ரசத்தை நாங்கள் சாத்தமுது என்போம். அது நுரை கட்டி எழும்போது வாசனை சட்டென்று மாறும், அந்த நேரத்தில் இறக்க வேண்டும் என்பாள். புக்ககம் வந்த நாளிலிருந்து அப்படித்தான் சமைத்தாள். காய்ச்சலுக்குப் பிறகும் சில நாள் முயன்றாள். ஒரு நாள் பெருங்காயம் கருகியது தெரியாமல் பெருமாளுக்குக் காட்டிவிட்டாள். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள், மறுநாள் முதல் அடுப்படிக்குள் வரவில்லை.

பிறகு நான் சமைத்தேன். என் சாம்பார் தினமும் ஒரே மாதிரி மோசமாக இருந்தது. அவள் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டதுதான் எனக்குப் பெரிய அலுப்பு.

ஆடியில் மகள் விடுமுறைக்கு வந்தாள். மெக்சிகோவில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. பெட்டியில் உலர்ந்த மிளகாய்ப் பொட்டலமும் ஒரு தகர டப்பாவும் ஒரு சிறிய பாட்டிலும் கொண்டு வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் அடுப்படியைக் கைப்பற்றினாள்.

“வெங்காயம் பூண்டு இல்லாத சல்ஸான்னு அங்கே சொன்னா சிரிப்பா. பரவாயில்லை.” சல்ஸா என்பது அந்த ஊர் சாஸ்.

சிவப்பு மிளகாயை வறுத்து ஊறவைத்து, சுட்ட தக்காளியோடு அரைத்தாள். கையகல மிளகாய், நிறம்தான் பயமுறுத்துகிறது, காரம் குறைவாம். பச்சை சாஸுக்குத் தகர டப்பாவில் இருந்த காய்: நம் சொடக்குத் தக்காளியின் பெரியப்பா மாதிரி, தோலுறைக்குள் விளைவது, பழுத்தாலும் புளிக்குமாம். அதோடு பச்சை மிளகாயும் கொத்தமல்லியும். இந்த இரண்டையும் நாம் சட்னி போடுகிற தாராளத்தில் போட்டுக்கொள்ளலாம். பாட்டிலில் இருந்தது வேறு ஜாதி. மிளகாயும் வினிகரும் உப்பும், தண்ணீர் போல. அதைச் சொட்டுக் கணக்கில்தான் விட வேண்டும்.

“மிளகாயே அந்த ஊரிலேர்ந்துதான் வந்தது. அதனாலதான் நம்மாத்து சிராத்தத் தளிகைல இன்னிக்கும் மிளகுதான்” என்று ஆரம்பித்தேன்.

“கிளாஸ் அப்புறம்ப்பா. தக்காளியைத் திருப்புங்கோ.”

“என்ன கருகறது அங்கே?” கூடத்திலிருந்து என் மனைவியின் குரல். புகையில் நாங்கள் இருமியதை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

“கருகணும்மா. அதான் ரெசிபி.”

“நன்னா இருக்கு! நான் கருக்கினா அபசாரம், நீ கருக்கினா ரெசிபியா?”

வெகுநாள் கழித்து அவள் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். மகள் கரண்டியை நக்கிவிட்டு மறுபடி கிண்ணத்தில் விட்டதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“எச்சக் கரண்டிடி!”

“இது பெருமாளுக்கு இல்லைம்மா, உனக்கு. கண்ணை மூடிண்டு வாயைத் திற.”

எனக்குப் பிடிக்கவில்லை. டப்பாக்களிடம் கேட்ட அதே “இல்லை”யைத்தான் இங்கேயும் கேட்கப் போகிறோம், மகளும் அதைக் கேட்க வேண்டுமா என்றிருந்தது.

முதல் கரண்டி. “கொஞ்சம் தித்திப்பு. அடியிலே ஒரு கசப்பு.” அது சிவப்பு. இரண்டாவது வாய்க்குள் போனதும் முகத்தைச் சுளித்தாள். “புளிப்பு. முன்னதை விட இதுதான் உறைக்கறது. உப்புப் பத்தலைடி.”

மகள் பச்சை சாஸை வாயில் வைத்துப் பார்த்தாள். உப்புப் போடவே மறந்திருந்தாள்.

பாட்டில் சொட்டு நாக்கில் பட்டதும் என் மனைவிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “ஊறுகாய் ஜாடியைக் கழுவின தண்ணியாட்டமா இருக்கு” என்றாள். பிறகு கண்ணைத் திறந்து, மூன்று கிண்ணத்தையும் பார்த்தபடி, “அப்போ நாக்கு இருக்கு” என்றாள்.

“நாக்கு போகலைம்மா. மூக்குதான்.”

“இருந்து என்ன? தளிகையைப் பெருமாளுக்கு முன்னாடி நாக்கிலே வைக்க முடியுமா?”

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அடுப்படியில் விளக்கு எரிந்தது. குளித்து முடித்து அவள் பாலைக் காய்ச்சி, கல்கண்டோடு பெருமாளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி, “இனிமே அவருக்கு இதான். தளிகை நமக்கு” என்றாள். சொல்லும்போது குரலில் சந்தோஷம் இல்லை. எதையோ விட்டுக்கொடுத்து வந்தவள் போல இருந்தாள். சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று நான் எடுத்துப் பார்க்கவில்லை. அந்தத் தெம்பு என்னிடம் இல்லை.

சாத்தமுது வைத்தாள். கரண்டியால் எடுத்து, உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்தாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

“உப்பு சரி. புளி சரி. ஏன்னா, இங்கே வந்து நில்லுங்கோ. வாசனை மாறினதும் சொல்லணும்.”

நின்றேன். ஆவி முகத்தில் அடித்தது. எந்த வாசனை எதுவாக மாற வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, இப்படி நின்று முகர்ந்ததில்லை. நுரை விளிம்பைத் தொட்டது.

“இப்போவா?”

“இன்னும் இல்லை” என்றேன்.

“அவசரமில்லை. நன்னா பாருங்கோ.”

நுரை உடைந்து கொதி வந்த பிறகுதான் “இப்போ” என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள்.