இரண்டாவது அண்டா

காலை ஐந்தே முக்கால் மணி. டிசம்பர் பனிமூட்டத்துக்குள் அம்மாவின் பின்னால் நடந்து தேவாலயத்தின் பின்கட்டுக்குள் நுழைந்தபோது முதலில் என் கண்ணில் பட்டவை இரண்டு அண்டாக்கள். ஒன்று, வருடந்தோறும் பார்த்துப் பழகிய பெரிய பித்தளை அண்டா. மற்றொன்று அதில் பாதிகூட இல்லாத, வயிற்றுப் பக்கம் நசுங்கிய அலுமினிய அண்டா. இரண்டின் அடியிலும் ஈரவிறகு புகைந்துகொண்டிருந்தது, கண்ணைக் கரித்தது. முந்திய வருடம் வரை அங்கே ஒரு அண்டாதான் இருந்தது.

டெல்லியில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. இந்திச் சபையின் கோவிலில் காலையில் அவர்களுடைய ஆராதனை முடிந்த பிறகு எங்களுடையது நடக்கும். லக்ஷ்மிபாய் நகர்க் குவார்ட்டர்ஸிலிருந்து அரசு அலுவலர் குடும்பங்கள் வரும். ஜங்புராவில் சாக்கடையோரம் இருந்த மதராசி கேம்பிலிருந்து நாங்கள் வருவோம். அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை. அம்மா எஸ்தர், குவார்ட்டர்ஸில் இரண்டு வீடுகளில் சமையல். ஒரே சபை, ஒரே பாட்டுப் புத்தகம், ஆனால் பெஞ்சுகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்துகொள்ளும். வருடத்தில் ஒரு நாள் மட்டும் அந்தப் பிரிவு இல்லாமல் போகும். அது அசன நாள்.

அசனம் என்றால் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அதற்கான அரிசி கடையில் வாங்கப்படுவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள், அதற்குப் பெயர் ‘பிடியரிசி’. அசனத்துக்கு முந்தின சாயங்காலம் எல்லா டப்பாக்களும் பீடத்துக்கு முன்னால் விரித்த வெள்ளை வேட்டியில் கவிழ்க்கப்படும். குவார்ட்டர்ஸ் வீடுகளின் சன்னப் பொன்னி, யாரோ ஒரு அதிகாரி வீட்டு பாசுமதி, எங்கள் கேம்பின் தடித்த ரேஷன் ‘மோட்டா’ அரிசி எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும், போதகர் அதன்மேல் கைவைத்து ஜெபிப்பார். அந்த அரிசி ஒரே பதத்தில் வேகாது. ஒரு பருக்கை குழைந்திருக்கும், ஒரு பருக்கை விறைத்துக்கொண்டு நிற்கும். ‘பல்லுக்கு வேலை வெச்ச சோறு’ என்று சிரித்துக்கொண்டே எல்லோரும் சாப்பிடுவார்கள். சபை ஐக்கியம் என்ற சொல்லை நான் பிரசங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, அந்தச் சோற்றில்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பதின்மூன்று வயதான அந்த வருடம் குவியல் போடப்படவில்லை. சபைச் செயலர் ஞானராஜ் சார் முந்தின நாள் கேம்புக்கே ஒரு ஆட்டோவை அனுப்பி, எங்கள் டப்பாக்களை அங்கேயே சாக்கில் கொட்டி வாங்கிக்கொண்டார். ஆட்டோவில் வந்த ஆள் ‘ஜல்தி, ஜல்தி’ என்று அவசரப்படுத்தியது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். காலையில் பார்த்தால் பித்தளை அண்டாவின் பக்கத்தில் ஒரு மூட்டை, அலுமினிய அண்டாவின் பக்கத்தில் பச்சைக் கயிறு கட்டிய எங்கள் மூட்டை.

ஞானராஜ் சார் கழுத்தில் மப்ளர் சுற்றி நின்றுகொண்டிருந்தார். அம்மா சமைக்கும் இரண்டு வீடுகளில் ஒன்று அவருடையது.

“இன்னா சார், ரெண்டு அண்டா?” என்றாள் அம்மா.

“மோட்டா அரிசி வேக நேரம் புடிக்கும்லா, எஸ்தரு. அதான் தனியா வச்சிருக்கு. பேராயர் வாராக, சோறு நல்லா இருக்கணும்லா.”

“சின்ன அண்டா சோறு யாருக்கு சார்?”

“வெளிய டெண்ட்ல இருக்கவங்களுக்கு. எல்லாருக்கும் சோறு உண்டும்மா. நீ பேசாம பருப்பைக் கழுவு.”

கோவில் ஹாலுக்குள் குவார்ட்டர்ஸ்காரர்கள், வெளியே டெண்ட்டில் நாங்கள் என்று அன்று ஏற்பாடு செய்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அவர் வீட்டில் தினமும் சோறு வடிப்பவள் அம்மாதான். அவள் கை பட்ட சோறு அவருக்கு ஆகும், அவள் டப்பாவிலிருந்து வந்த அரிசி ஆகாது. அம்மா பருப்பைக் கழுவினாள். பேராயரை அழைத்துவர ஞானராஜ் சாரின் கார் ஸ்டேஷனுக்குக் கிளம்பிய சத்தம் கேட்டதும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

முதலில் ஒரு தார்ப்பாயைக் கழுவித் துடைத்து விரித்தாள். பித்தளை அண்டாப் பக்கத்து மூட்டையை இழுத்துக் கவிழ்த்தாள். அதன்மேல் பச்சைக் கயிற்றை அவிழ்த்து எங்கள் மூட்டையைக் கவிழ்த்தாள். முழங்கை வரை விட்டுக் கிளறினாள்.

கூட இருந்த செல்வி அக்கா வாயில் கைவைத்துக்கொண்டாள். “ஐயோ எஸ்தர்க்கா, இன்னா பண்றே! அந்தாளு ஆடுவாரு!”

“ஆடட்டும். ஆடிட்டு வந்து துன்னட்டும்” என்றாள் அம்மா. “எது அவுங்களுது, எது நம்பளுதுன்னு இப்போ பொறுக்கி எடுக்கச் சொல்லு, பாக்கலாம்.”

அந்த அரிசியே இரண்டு அண்டாவிலும் வெந்தது.

பேராயர் அன்று ஐக்கியத்தைப் பற்றிப் பேசினார். பல தானிய மணிகள் அரைபட்டு ஒரே அப்பமாகின்றன, அப்படித்தான் சபையும் என்றார். முன்வரிசையிலிருந்து பெரிதாக ‘ஆமென்’ சொன்னவர் ஞானராஜ் சார். பிறகு பந்தி. தையல் இலையில் சோறு விழுந்ததும் அவர் முதல் வாயில் நிறுத்தி, விரலால் பருக்கைகளைப் பிரித்துப் பார்த்தார். சன்னமும் மோட்டாவும் கலந்து கிடந்தன. நிமிர்ந்தபோது எதிரில் சோற்று வாளியுடன் அம்மா நின்றாள்.

அசனச் சோறு ஜெபித்த சோறு, அதை இலையில் மிச்சம் வைக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பக்கத்தில் பேராயர் உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு கரண்டி வைத்தாள். “இன்னும் கொஞ்சம், சார்.” மறுபடி வந்தாள், மறுபடி வைத்தாள். அவர் கையைக் குறுக்கே நீட்டியபோது பேராயர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அந்தம்மா அன்பா வைக்காங்க, வாங்கிக்கிடுங்க சார்.” அவர் வாங்கிக்கொண்டார். கடைசிப் பருக்கை வரை மென்று முடிக்கும்வரை அம்மா அந்த வரிசையைவிட்டு நகரவில்லை. ஹாலின் கதவருகே நின்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படிப் பசி அடங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தண்டனை அடுத்த வாரமே வந்தது. அதைச் சொல்லப் போதகர் கேம்புக்கு வந்து, எங்கள் வாசலுக்கு உள்ளே வராமல், மூக்கில் கைக்குட்டையோடு நின்றார். அசன ஒழுங்கைக் குலைத்ததற்காக அம்மா சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கும்வரை அவளுக்கு நற்கருணை கிடையாது. அப்பமும் திராட்சரசமும் தரமாட்டார்கள். எனக்கு வரவிருந்த திடப்படுத்தலும் கிடையாது. திடப்படுத்தல் ஆனால்தான் நானும் பீடத்தருகே முழங்கால் போட்டு நற்கருணை வாங்க முடியும். அதற்கென்று தைத்த வெள்ளைச் சட்டை அம்மாவின் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அரிசிய அரிசியோட சேத்ததுக்கு மன்னிப்பா, ஐயா?” என்றாள் அம்மா.

“பொண்ணோட ஆவிக்குரிய வளர்ச்சியை நினைச்சுப் பாரும்மா.”

“அது வளரும். நீங்க பத்திரமா போயிட்டு வாங்க.”

அன்றிரவு நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டுவிடேன் என்று கெஞ்சவும் செய்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. ஞானராஜ் சார் வீட்டு வேலையை விட்டாள். அடுத்த ஞாயிறு எனக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, அதே கோவிலில் காலையில் நடக்கும் இந்தி ஆராதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஞ்சாபிக்காரரான பாதிரி எங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “ஆவோ பேட்டி, பைட்டோ” என்று உட்காரச் சொன்னார். சில மாதங்கள் கழித்து அங்கேதான் எனக்குத் திடப்படுத்தல் நடந்தது. தமிழில் மனப்பாடம் செய்து வைத்திருந்த விசுவாச அறிக்கையை இந்தியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பாதிரி என் தலையில் வைத்த கை கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

அதோடு விட்டிருந்தால் அது என் அம்மா இல்லை. காலையில் இந்திச் சபையில் நற்கருணை வாங்கிய பிறகு, தமிழ் ஆராதனைக்கும் இருப்பாள். நற்கருணை ஞாயிறுகளில் சரியாக ஞானராஜ் சார் எழுந்து பீடத்தருகே போகும்போது எழுந்து போய், அவருக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, வெறுங்கையை விரித்து நீட்டுவாள். போதகர் அவருக்கு அப்பம் கொடுப்பார், அம்மாவைத் தாண்டி அடுத்தவருக்குப் போவார். ரசப் பாத்திரமும் தாண்டிப் போகும். அம்மா அசையமாட்டாள். அவர் இடம் மாறி முழங்கால் போட்டால் அவளும் மாறுவாள். அவள் நற்கருணைக்காகப் போகவில்லை, அது காலையிலேயே கிடைத்துவிட்டது. அந்த விரித்த கை தாண்டிப் போகப்படுவதைச் சபை முழுவதும் பார்க்க வேண்டும் என்று போனாள். சபையும் பார்த்தது. முதலில் சிலர் முணுமுணுத்தார்கள். பிறகு குவார்ட்டர்ஸ் பெண்களில் ஒருத்தி, பிறகு இன்னொருத்தி, அம்மாவுக்கு இந்தப் பக்கம் வந்து முழங்கால் போடத் தொடங்கினார்கள். கொஞ்சகாலம் போனதும் நற்கருணை ஞாயிறுகளில் ஞானராஜ் சாருக்குத் தலைவலி வரத் தொடங்கியது. அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். தன் கையாலேயே தனக்கு நற்கருணையை நிறுத்திக்கொண்டவர், ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்குப் போகும்வரை அதை வாங்கவில்லை. அவர் இறந்த செய்தி வந்தபோது அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், உரிப்பதை நிறுத்தவில்லை.

போன மாதம் அவருடைய மகன் எனக்குப் போன் செய்தார். இப்போது அவர்தான் செயலர். சபையின் ஆண்டு மலருக்கு ‘சபை ஐக்கியமும் ஆவிக்குரிய வளர்ச்சியும்’ என்ற தலைப்பில் கட்டுரை வேண்டும் என்றார். “நீங்க பத்திரிகையில இருக்கீங்க அக்கா, சின்ன வயசு ஞாபகமா, பாசிட்டிவ்வா எழுதிக் குடுங்க.” மேலே உள்ளதை எழுதிக் கொடுத்தேன். அரிசி விஷயத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். மலரில் இடமில்லை என்று பதில் வந்தது. அதனால் இங்கே வருகிறது. மன்னித்து மறந்துவிடு என்று எனக்குப் புத்தி சொல்பவர்கள் உண்டு. மன்னிப்பு என்பது கேட்பவருக்குக் கொடுப்பது. எங்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.

இப்போது அசனத்துக்கு அண்டா ஏற்றுவதில்லை. நொய்டாவிலிருந்து கேட்டரிங் வேன் வருகிறது, பிரியாணி பொட்டலமாகக் கைக்கு வருகிறது, பலர் அதைக் காரிலேயே வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். பிடியரிசி வாங்குவதையும் நிறுத்தியாகிவிட்டது. மதராசி கேம்பை இடித்தாயிற்று. செல்வி அக்கா ஊருக்கே திரும்பிவிட்டாள், அம்மாவுக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. அங்கிருந்து கோவிலுக்கு வந்து திரும்ப ஒரு பகல் ஆகிவிடும்.

நரேலாவில், நான்காவது மாடியில், அம்மாவின் அடுப்புக்கு மேலே பிடியரிசி டப்பா நிரம்பியிருக்கிறது.