பெட்ரோல் பங்கில் விட்டுவந்த மாமியார்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாத முகூர்த்த நாள். கம்பம் பக்கத்தில் இருக்கும் காமயகவுண்டன்பட்டியில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. என் கணவர்தான் மூத்த தாய்மாமன். அவர் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். பதினொன்றரையோடு நல்ல நேரம் முடிகிறது. பெரியகுளத்திலிருந்து இரண்டு கார்களில் கிளம்பினோம். எங்கள் காரில் நான், கணவர், மாமியார். இன்னொன்றில் கொழுந்தனார் குடும்பம்.

வீரபாண்டி பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் இரண்டு கார்களையும் நிறுத்தினோம். மாமியார் பாத்ரூம் போனார். அவருக்காக வழியில் ஏற்கெனவே ஒரு முறை நின்றிருந்தோம். எனக்கு எரிச்சல்தான். அதற்குள் பங்கில் ஒருவர், பைபாஸில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நகராமல் நிற்பதாகச் சொன்னார். கணவர் போனில் மேப்பைப் பார்த்து, ஊர்களுக்குள் புகுந்து போகும் ஒரு வழியைப் பிடித்தார். கொழுந்தனாரோ பைபாஸிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார்.

“அம்மா எங்க?” என்றார் கணவர்.

கொழுந்தனார் காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. “அத்தை அதுல ஏறிட்டாக, நீங்க எடுங்க” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து, ஒரு பக்கம் வாய்க்காலும் மறுபக்கம் திராட்சைத் தோட்டமுமாக இருந்த ஒற்றைப் பாதையில், எதிரே வந்த டிராக்டருக்கு வழிவிட முடியாமல் நின்றோம். அவர்கள் எதுவரை வந்தார்கள் என்று கேட்கக் கொழுந்தனாருக்குப் போன் செய்தேன். அத்தையிடம் கொடுக்கச் சொன்னேன்.

“என்ன மதினி, வெளையாடுறீகளா? அம்மா உங்க கூடல்ல வாராக?”

மாமியாரின் நம்பருக்கு அடித்தால் பின்சீட்டில் அவருடைய பையிலிருந்து மணி அடித்தது. பணமும் அதற்குள்தான் இருந்தது. விசேஷ வீட்டில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று கொழுந்தனாரிடம் கேட்டுக்கொண்டேன்.

கணவர் அந்தப் பாதையிலேயே நெடுந்தூரம் பின்னால் எடுத்து வண்டியைத் திருப்பினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தாள் என்று யாராவது சொன்னால், இல்லை என்று நான் எப்படி நிரூபிப்பேன் என்பதுதான் வழியெல்லாம் என் யோசனை. அவர் எப்படி இருக்கிறாரோ என்ற கவலை அதற்குப் பிறகுதான் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பங்கில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னார்: “அவுகளா? கொஞ்ச நேரம் அங்கன நின்னு பாத்தாக. டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்குக் காசு வாங்க மாட்டாகல்லன்னு கேட்டாக. ஆமான்னேன். ஏறிப் போயிட்டாக.”

நாங்கள் காமயகவுண்டன்பட்டி சேரும்போது மணி பதினொன்று. மண்டப வாசலில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் நின்றிருந்தார். ஊர்களுக்குள்ளேயே போகும் மூன்று டவுன் பஸ் மாறி, எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறார். பைபாஸில் மாட்டிக்கொண்ட கொழுந்தனார் கார் இன்னும் வரவில்லை.

நாத்தனார் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. “எங்கம்மா ஏன் பஸ்ஸுல வந்தாக?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“வீரபாண்டி கோயிலுக்குப் போயிட்டு பஸ்ஸுல வாரேன்னு நாந்தேன் எறங்கிக்கிட்டேன். அதுக்கு அவள ஏன் கேக்குற? ஆசாரி காத்துக் கெடக்காரு, மொதல்ல பிள்ளைய மடியில வைங்க” என்றார் மாமியார்.

காது குத்தி முடிந்தது. பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் அவரும் நானும் மட்டும் நின்றோம். குழாயை மூடிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

“இனிமே கெளம்பும்போது ஒரு தடவ ஆள எண்ணிப் பாத்துக்க, ஆத்தா.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தும் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்காத அவரிடம் ஒரு முறையாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன். அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது, திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுக்கச் சொன்னது நான்தான் என்ற உண்மையை அவரிடம் சொல்ல எனக்கு மூன்று வருடமும் போதவில்லை.