எனக்கு வைத்த ஈரல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் குடும்பம் ஏறத்தாழ ஒரு மாதம் தெருவில் மேசை போட்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டது. வீடு இல்லாமல் அல்ல. ஆகுர்டியில் கடைக்கு மேலேயே இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் எங்களுக்கு இருந்தன. இருந்தும் ரிக்‌ஷாவும் ஸ்கூட்டரும் உரசிக்கொண்டு போகிற கடைவாசலில் அத்தா, அம்மா, நான் மூவரும் உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றோம். இதை இப்போது யாரிடமாவது சொன்னால் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். பரிதாபப்பட இதில் ஒன்றும் இல்லை. அது நாங்கள் போட்ட சண்டை.

அத்தா கறிக்கடைக்காரர். கம்பத்திலிருந்து புனேவுக்கு வந்து, அதே சந்தில் அதே கடையில் வருடக்கணக்காக ஆட்டுக்கறி விற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசை பக்கத்து மாவு மில் வரைக்கும் நீளும். மராத்திக் குடும்பங்களும், போசரி கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழர்களும் கலந்து நிற்பார்கள். உரித்த ஆட்டை வாலை எடுக்காமல்தான் தொங்கவிடுவார். வாங்குகிறவர் வெள்ளாடா செம்மறியா என்று வாலைப் பார்ப்பார், தொடையில் இருக்கும் கார்ப்பரேஷன் முத்திரையைப் பார்ப்பார், பிறகுதான் இங்கே வெட்டு, அங்கே வெட்டு என்று விரல் நீட்டுவார்.

அந்த வருடக் கோடையில் எல்லார் போனுக்கும் ஒரு வீடியோ வந்தது. ஊரின் இன்னொரு கோடியில் எவனோ ஒருவன் செத்த ஆடுகளை ஐஸில் போட்டு வைத்து விற்றுப் பிடிபட்டிருந்தான். வீடியோவில் ஓர் ஐஸ் பெட்டி தெரிந்தது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவர் பேசினார், அவ்வளவுதான். கடையின் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அது எல்லாக் கடைக்கும் பொருந்தியது.

மராத்திக்காரர்கள் கறி தொடாத சிராவண மாதத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. எங்கள் சந்துக்கு அது அந்த வருடம் முன்கூட்டியே வந்துவிட்டது. சிலருக்கு மீன்மீது திடீர்ப் பாசம் பிறந்தது. பெரும்பாலானவர்கள் மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஏசி கடைக்குப் போனார்கள். அங்கே கறி சின்னச் சின்னப் பெட்டிகளில், மேலே தேதி ஒட்டி, அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வாலும் கிடையாது, முத்திரையும் கிடையாது, ஆடு என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே கிடையாது. இத்தனை வருடம் கண்ணால் பார்த்து வாங்கியவர்கள், ஏமாந்துவிடுவோமோ என்று பயந்து, எதையும் பார்க்க முடியாத இடத்துக்குப் போனார்கள். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

போசரி கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த மாமா ஒருவர் இருந்தார். உறவெல்லாம் இல்லை, விருதுநகர்க்காரர், தமிழ் பேச ஆள் கிடைத்தால் போதும் என்று மணிக்கணக்காகக் கடையில் நிற்பவர். அவரும் வரவில்லை. எங்கள் சந்து வழியாகத்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால், ஏசி கடைப் பாக்கெட்டை ஹெல்மெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு பைக்கில் போவார். எங்கள் கடை வரும்போது மட்டும் எதிர்ப்பக்கம் உள்ள சுவரை ரொம்பக் கவனமாகப் பார்ப்பார்.

அத்தா கூச்ச சுபாவம் உள்ளவர். முதல் வாரம் போகிற வருகிறவர்களிடம் முத்திரையைக் காட்டிப் பார்த்தார். யாரும் நின்று பார்க்கவில்லை. கடையைக் கொஞ்ச நாள் மூடிவிட்டு ஊருக்குப் போய் வரலாம் என்று அம்மாவிடம் சொன்னார். கடைப்பக்கமே வராத அம்மா அன்றைக்குத்தான் கடை விஷயத்தில் வாய் திறந்தாள்.

"கடையப் பூட்டுனா அந்த வீடியோல உள்ளது நாமதான்னு ஆயிரும். நாம திங்கிறதத்தான விக்கிறோம்? திங்கிறத அவங்க பாக்கட்டும்."

மறுநாள் பதினொரு மணிக்கு அம்மா ஓர் அகலப் பாத்திரமும் கரண்டியுமாகக் கீழே இறங்கி வந்தாள். நடுத்தெருவில் வாடிக்கைக்காரி மாதிரி நின்று, தொங்கிய ஆட்டில் இந்த இடம் என்று கரண்டியால் காட்டி வெட்டச் சொன்னாள். மேலே போய்ச் சமைத்து, ஒரு மணிக்குக் குழம்புச் சட்டியோடு திரும்பினாள். மேசை கொடுத்தது மாவு மில் காக்கூ. அவர் துளசி மாலை போட்ட மராத்தி அம்மாள், வாழ்நாளில் கறி தொட்டதில்லை. மேசையைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது அவருடைய தாராள மனசு என்று அப்போது நினைத்தேன். கறி பட்ட மேசையை அவர் இனி வைத்துக்கொள்ள முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. இப்போது யோசித்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

அத்தா தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவே மாட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, போகிறவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே எலும்பைக் கடிப்பாள். நானோ ஆனந்தத்தில் இருந்தேன். கறிக்கடைக்காரர் வீட்டில் தினமும் கறி என்று ஊர் நினைக்கும். எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் விற்காமல் மிஞ்சும் நுரையீரலும் சவ்வும்தான். இப்போது தொடை, நெஞ்சு, சாப்ஸ், தினம் ஒன்று. நாங்கள் பணக்காரர்களாகிவிட்டோம் என்றே நம்பினேன். இன்னும் பத்து நாளைக்கு யாரும் கறி வாங்க வரக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் படுக்கும்போது அல்லாவிடம் துஆ கேட்டேன்.

மேசை போட்டு இரண்டாவது வாரம் ஒரு நாள் எனக்கு மட்டும் ஈரல் வந்தது. மிளகு போட்டு வறுத்து ஒரு கிண்ணம் நிறைய. பாதிக்கு மேல் முடியவில்லை. மீதியை நாளைக்கு வைக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலம் டியூஷன் வாசலில் என் தோழி ஐஸ் கோலா வாங்கிக் கொடுத்தாள். சீவிய ஐஸைக் குச்சியில் பிடித்து, நாவல்பழ நிறத்தில் காலா கட்டா சாயம் ஊற்றிய கோலா. நான் ஒன்றோடு நிறுத்தவில்லை, இரண்டு தின்றேன். அதன் மேல் வண்டிக்கடை பேல் பூரி வேறு. தெருவண்டித் தீனி என்றால் அம்மா தோலை உரித்துவிடுவாள். ஃபிராக்கின் கையில் கோலா ஒழுகிக் கறையாகிவிட்டதால், அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

விடிவதற்குள் இரண்டு தடவை வாந்தி. வயிறும் நிற்கவில்லை. வெளியே என்ன தின்றாய் என்று அம்மா கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். மறுபடி கேட்டாள். அல்லா மேல் சத்தியம் என்றேன். கோலாவுக்கு விழக்கூடிய அடி மட்டும்தான் அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது.

அத்தா கிளினிக்கில் காட்டி, உப்புச் சர்க்கரைத் தூள் வாங்கி வந்து கரைத்துக் கொடுத்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஈரல் நேத்து வெட்டுனது இல்ல. அதுக்கும் ரெண்டு நாள் முந்தி உள்ளது. தூக்கிப் போட மனசு வரல. ஐஸ் பெட்டில வச்சிருந்தேன்."

அம்மா குளிர்பெட்டியைத் திறந்து என் கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்தாள். இன்று மேசை போட வேண்டாம், ஷட்டரை இறக்கிவிடலாம், பிள்ளை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று அத்தா கெஞ்சுவது கேட்டது. அம்மா அடுப்பைப் பற்ற வைத்து ஈரலைச் சூடாக்கினாள். சோறு, குழம்பு, மூன்று தட்டு, அதோடு அந்தக் கிண்ணம். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

நான் மேலே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அம்மா என் தட்டையும் என் இடத்தில் வைத்தாள், கவிழ்த்து. அத்தா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஹெல்மெட்டோடு போசரி மாமா வந்தார். கவிழ்ந்த தட்டு அவர் கண்ணை இழுத்திருக்க வேண்டும். பைக்கை நிறுத்திவிட்டு, பாப்பாவை எங்கே காணோம் என்று அம்மாவிடம் கேட்டார். டியூஷன், காய்ச்சல், பாட்டு வகுப்பு என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"வாந்தி. காலைலருந்து. நேத்து இந்த ஈரலத்தான் தின்னா. மீதி இருக்கு, நான் திங்கிறேன். நாளைக்கு வந்து நான் எப்படி இருக்கேன்னு பாத்துட்டுப் போங்க."

அதோடு விடவில்லை. இதையே தன்னுடைய ஆண்பால் பெண்பால் இல்லாத இந்தியில், சந்து முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள். காக்கூ மில்லை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். எதிர்மாடிகளில் தலைகள் தெரிந்தன. அம்மா கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து முதல் துண்டை வாயில் போட்டாள்.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். எனக்கு வைத்த ஈரலை அம்மா தின்கிறாள். யாரும் தொடக் கூடாது என்று அவ்வளவு சொல்லியும், இரண்டு, மூன்று என்று துண்டுகள் போய்க்கொண்டிருந்தன.

காலில் தெம்பில்லாமல் எப்படிப் படியிறங்கினேனோ தெரியாது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அது என்னுடையது, கொடு என்று அழுதேன். அம்மா கிண்ணத்தைத் தள்ளி வைத்து, உன்னைப் படுக்க வைத்ததே இதுதான் என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அடி, சத்தியம் எல்லாம் மறந்துபோயிற்று.

"ஈரல் ஒண்ணும் பண்ணல. நான் கோலா தின்னேன்."

அத்தா தலையை நிமிர்த்தினார். சொல்லிக்கொடுத்துப் பேச வைக்கிறார்கள் என்று மாடியிலிருந்து யாரோ மராத்தியில் சொல்வது என் காதில் விழுந்தது. நான் சொல்வதை நம்பாமல் போனால் எனக்குப் பொல்லாத கோபம் வரும், இன்றும் அப்படித்தான். மறுபடி படியேறி, கட்டிலுக்கு அடியிலிருந்த ஃபிராக்கை இழுத்து வந்து மேசைமேல் போட்டேன். கை முழுக்கக் கருநீலக் கறை. காக்கூ குனிந்து பார்த்தார்.

"அக பாயீ, ஹா தர் காலா கட்டா."

அடியம்மா, இது காலா கட்டா அல்லவா என்று அவர் சொன்னதும் சந்தே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்காமல், எத்தனை என்று கேட்டாள். இரண்டு என்றேன். பேலும் என்று சேர்த்துக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே மீதி ஈரலையும் ஒரு துண்டு விடாமல் தின்று முடித்துவிட்டுக் கை கழுவினாள். அத்தா வெட்டுக்கட்டைக்குப் பின்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருந்த கத்தியை நெடுநேரம் கழுவினார். போசரி மாமாவை ஒரு வாய் சாப்பிடச் சொல்லி என் தட்டை நிமிர்த்தி வைத்தாள் அம்மா. சாப்பிட்டுவிட்டேன் அக்கா என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தார். இரண்டே பேர் நின்ற வரிசையில் மூன்றாவதாக நின்றார்.

மற்றவர்கள் எங்கள் வீரத்தைப் பார்த்துத் திரும்பி வரவில்லை. மழைக்காலத்தில் பாக்கெட் கறியைப் பற்றி இன்னொரு வீடியோ வந்தது, அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள், நடுவில் எங்கும் போகாதவர்கள் மாதிரி. அந்த வீடியோவை எல்லாருக்கும் அனுப்பச் சொல்லி அத்தாவிடம் பலர் சொன்னார்கள். அம்மா போனை வாங்கி அழித்துவிட்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த நாளைப் பற்றி. எனக்கு அடியே விழவில்லை. மதியம் பாயில் என்னைப் படுக்க வைத்துவிட்டு, அம்மா சமையல்கட்டில் அத்தாவிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"இனி மிஞ்சுனா அன்னைக்கே குழி தோண்டிப் போட்டுருங்க. அந்த வீடியோல மாட்டுனவனும் ஒரே நாள்ல அப்படி ஆயிருக்க மாட்டான்."

அத்தா அழுதார். நான் கோலா தின்றதற்கு இவர் ஏன் இப்படி அழ வேண்டும் என்று யோசித்தபடியே படுத்திருந்தேன். அன்றைக்கும் தூங்குவதற்கு முன் அடியிலிருந்து காப்பாற்றியதற்காக அல்லாவுக்கு நன்றி சொன்னேன். பிறகு வழக்கம்போல, இன்னும் பத்து நாளைக்கு யாரும் கறி வாங்க வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.