பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தீவுக்கு

அப்போது நான் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கக் கற்றிருந்தேன். மனைவி, பேண்டேஜ் துணி சுற்றும் கம்பெனிக்குப் போய்வந்தாள். ஒரே மகள் மதுரையில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் நாங்கள் இருவரும் எதிர்ப்பட்டால், என்ன தீர்ந்துவிட்டது, என்ன வாங்க வேண்டும் என்பதைத் தாண்டிப் பேச்சு ஓடாது. சண்டை ஒன்றுமில்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

மனைவியின் அண்ணன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். விமானத்திலிருந்து குதிக்கிற படைப்பிரிவில் இருந்தார். ஒருமுறை குதித்து இறங்கும்போது முழங்கால் திருகிக்கொண்டது. பிறகு அவரைப் பாராசூட்டுகளைச் சோதித்து மடித்து வைக்கும் வேலையில் போட்டுவிட்டார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு சொந்த ஊரான வ. புதுப்பட்டி வீட்டுக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. அவர் வடக்கே இருந்த காலத்திலேயே அவர் மனைவி காமாலையில் இறந்துபோயிருந்தார். பிள்ளைகளும் இல்லை. கான்சாபுரத்தில் இருந்த வயலைப் பார்த்துக்கொண்டு, தானே பொங்கித் தின்றுகொண்டு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வருவார், சாப்பிடுவார், டி.வி. பார்ப்பார், பஸ் ஏறிப் போய்விடுவார்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது. கேபிள் கனெக்‌ஷன் வந்து, விளையாட்டைத் தவிர வேறெதுவும் காட்டாத சேனல் ஒன்று வீட்டில் தெரிந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து நான் பாயை விரித்துக்கொண்டிருந்தேன். மச்சான் தட்டில் கையை வைத்தபடி, சாப்பிடாமல் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு தீவு. கரையெல்லாம் தென்னை. ஒரு வெள்ளைக்காரன் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, கையில் பெரிய பட்டத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் போய்க்கொண்டிருந்தான். படகு இல்லை, மோட்டார் இல்லை. காற்றுதான் இழுத்துக்கொண்டு போயிற்று.

“மாப்ளே, இத நம்மளும் செய்யலாம்” என்றார்.

எனக்குத் தூங்க வேண்டும். “சரி மச்சான், செய்யலாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அந்த ஒரு ‘சரி’யால்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அடுத்த ஞாயிறு காலையிலேயே வந்துவிட்டார். எந்தத் தீவுக்குப் போவது என்பதுதான் முதல் கேள்வி. அவர் லட்சத்தீவு என்றார். அதற்கு அனுமதி வாங்க வேண்டும், கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும் என்று விசாரித்ததில் தெரிந்தது. பிறகு சில வாரம் அந்தமான் பற்றிப் பேசினோம். பேசினோம் என்றால் அவர் பேசினார்; நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். கடைசியில் என் மனைவிதான் அடுப்படியில் இருந்தபடி, ராமேஸ்வரமும் தீவுதானே, பஸ்ஸே போகுதே என்றாள். மச்சான் கொஞ்ச நேரம் யோசித்தார். மறுவாரமே தனியாகக் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். காற்று கரையை ஒட்டியே வீசும் ஓர் இடம் இருக்கிறது, வெகுதூரத்துக்கு முழங்கால் ஆழம்தான், கீழே சுத்தமான மணல் என்று என் மனைவியிடம் விவரமாகச் சொன்னார். நானும் கேட்டதாகத் தலையாட்டினேன்.

பட்டம் செய்வதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பாராசூட் எப்படித் தைத்திருக்கும் என்று அவருடைய கைக்கே தெரியும். வாய் திறந்த நீளப் பைகளை வரிசையாக ஒட்டித் தைத்த மாதிரி இருக்க வேண்டும், காற்று உள்ளே போய் உப்பிக்கொள்ளும் என்றார். பலகையைத் தச்சரிடம் செய்யச் சொல்லிவிட்டு, மழைக்கோட்டு தைக்கிற நைலான் துணியை மதுரையில் வாங்கினார். தைத்தது மனைவி. வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பிறகு மெஷினில் உட்காருவாள். துணி வழுக்கிக்கொண்டே போகும். நாள் முழுக்க பேண்டேஜ் சுற்றியதில் விரல்கள் விறைத்திருக்கும். சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துவிட்டு மறுபடி தைப்பாள். “எதுக்கு இம்புட்டுப் பாடு?” என்று ஒருநாள் கேட்டேன். “அண்ணன் ஒண்ணு வேணும்னு கேட்டு நான் பாத்ததே இல்லங்க” என்றாள். மறுபடி மெஷினை மிதித்தாள்.

ஒவ்வொரு மாதமும் தேதி குறிப்போம். லீவு கிடைக்காது. ஒருதரம் ஆலையில் வேலைநிறுத்தப் பேச்சு, ஒருதரம் மகளுக்குப் பரீட்சை, ஒருதரம் மச்சானுக்கு அறுவடை. தள்ளிப்போகும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கும். மதுரை வழியாக ராமேஸ்வரம் வரைக்கும் பலகையும் மூட்டையுமாகப் பஸ் மாறிப் போவதை நினைத்தாலே கால் வலித்தது. மச்சான் மட்டும் முகம் சுளிக்கவே இல்லை. சரி, அடுத்த மாசம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, பலகையில் கால் நுழைக்கும் வாரை எப்படிக் கட்டுவது என்று பேச ஆரம்பித்துவிடுவார்.

ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கிய சமயத்தில், கான்சாபுரத்துப் பக்கம் வறண்டு கிடந்த கண்மாயில் பட்டத்தை ஏற்றிப் பார்த்தோம். நான் துணியை விரித்துப் பிடிக்க, அவர் பட்டத்தின் இரண்டு கயிறும் கட்டிய கம்பை இழுத்தார். உப்பிக்கொண்டு அது எழுந்த வேகத்தில் நான் இரண்டு அடி பின்னால் போனேன். அவர் ஓடினார். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நாலு எட்டு போவதற்குள் விழுந்தார். ஆனால் கம்பை விடவில்லை. நான் பின்னால் ஓடி அவர் இடுப்பைப் பிடித்தேன். பட்டம் இரண்டு பேரையும் சேர்த்துக் கருவேலஞ்செடிகளுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு புதரில் கயிறு சிக்கி நின்ற பிறகு திரும்பிப் பார்த்தால், சட்டை கிழிந்து, முழங்கையில் ரத்தத்தோடு மச்சான் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து, அவியளுக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அடுத்து வந்த நாட்களில் எங்கள் ஆலையில் ஆள் குறைத்தார்கள். என் பெயரும் அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, சோற்றை வடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.  பிறகு, “இப்ப உங்களுக்கு லீவு கேக்க வேண்டாம்ல” என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். அவள் முகத்தைப் பார்த்தேன். “நானும் வாரேன். கடலைக் கண்ணால கண்டதில்ல” என்றாள்.

ஆவணியில் மூன்று பேரும் கிளம்பினோம். பலகையைப் போர்வையில் சுற்றியிருந்தோம். கண்டக்டர், உள்ளே ஏதும் சாமி படமா என்று கேட்டார். மச்சான் ஆமாம் என்று சொல்லிவிட்டார். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியபோது மனைவி ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இருபக்கமும் தண்ணீர். “எம்புட்டுத் தண்ணி” என்று அவள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. நம் ஊர்க் கிணறுகள் வறண்டு கிடந்த கிடையை அவள் நினைத்திருப்பாள் என்று தோன்றியது. நான் நினைத்தேன்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. பட்டம் ஏறும், உடனே தண்ணீரில் விழும். நனைந்தால் அது கல் மாதிரி கனக்கும். இரண்டு பேரும் கரைக்கு இழுத்துவந்து, மணலில் விரித்து, காய வைத்து, மறுபடி கொண்டுபோக வேண்டும். உப்பு தோலில் காய்ந்து இழுத்தது. வேலை போய்விட்டதே, இனி என்ன செய்வது என்று யோசிக்கக்கூட முடியாத அளவுக்கு அசதி. மறுநாளும் அப்படித்தான். பலகையில் எழுந்து நிற்க மச்சானுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நிமிர்வார், உடனே மடங்கிவிடும். நாலைந்து தடவைக்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை. “போதும் மச்சான், செத்த நேரம் உக்காருங்க” என்றேன். அவர் கேட்கவில்லை.

கடைசியில் அவர் நிற்கிற ஆசையை விட்டுவிட்டார். பலகைமேல் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டு, கையை முன்னால் நீட்டிக் கம்பைப் பிடித்தார். நான் பட்டத்தைத் தூக்கி விட்டேன். அது ஏறியது, அவரை இழுத்தது. தலையில் தண்ணீர் மோதி இருபுறமும் சிதற, கரையை ஒட்டி அவர் போனார். எங்கள் ஊர்த் தெற்கு ரத வீதி நீளத்துக்கு இருக்கும். மனைவி கரையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே ஓடினாள். நான் தண்ணீரில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். டி.வி.யில் பார்த்த மாதிரி அது இல்லை. வலையில் மாட்டிய பெரிய மீனை இழுத்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது. ஆனாலும் அவர் போனார்.

பட்டம் விழுந்த இடத்திலிருந்து பலகையையும் ஈரத்துணியையும் இழுத்துக்கொண்டு அவர் நடந்து வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. வந்து மணலில் உட்கார்ந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். “கண்ணுல உப்புத் தண்ணி மாப்ளே. ஒண்ணும் தெரியல” என்றார். இன்னொரு தடவை போகிறாரா என்று மனைவி கேட்டதற்கு, வேண்டாம் என்று கை காட்டினார். அன்று சாயங்காலமே பஸ் ஏறினோம்.

ஊர் வந்ததும் அவருக்குக் காய்ச்சல். பலகை உரசிய சிராய்ப்பெல்லாம் சீழ் வைத்துவிட்டது. எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டார். நான் காலையில் ஒவ்வொரு கம்பெனியாக வேலை கேட்டு அலைந்துவிட்டு மத்தியானம் வருவேன். அவர் கட்டிலில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். காய்ச்சல் விட்டபிறகும் இரண்டு ஞாயிறு போயிற்று. புதுப்பட்டி பஸ்ஸைப் பற்றி அவர் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம், வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த தங்கையிடம் கேட்டார்: “ஏட்டி, நான் இங்கனயே இருந்துக்கிடட்டுமா?”

“இருங்கண்ணே. இதுல கேக்க என்ன இருக்கு” என்றாள் அவள், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. பிறகு என்னைப் பார்த்தாள்.

மறுநாள் நானும் அவரும் புதுப்பட்டிக்குப் போய், அவருடைய டிரங்குப் பெட்டியையும் இரண்டு பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.