சீர்த்தட்டில் வந்த பம்ப்

வாசலில் பழைய கம்ப்ரசர் ஓடும்போது கிளம்பும் கருகிய எண்ணெய் வாடை, எங்கள் வீட்டுச் சோற்றில்கூட ஏறியிருந்தது. மணமேல்குடியில் ஃபிரிட்ஜ் பழுதுபார்த்த அப்பா, காயலான்கடையில் எடுத்த அந்தக் கம்ப்ரசரைத்தான் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் ‘வேக்கம் பம்ப்’பாக வைத்திருந்தார். அதன் ரப்பர் ஓஸின் வாயை உள்ளங்கையில் ஒட்டிப் பார்ப்பார்; கை இழுபட்டால், "போதும், கேஸ ஏத்தலாம்" என்பார்.

ஏழு வயதில் எனக்குக் காது குத்தியபோது, சவுதியில் ஏசி வேலை பார்த்த மாமா, அம்மாவின் அண்ணன், பழத்துக்கும் பட்டுப்பாவாடைக்கும் நடுவே அசல் வேக்கம் பம்ப் ஒன்றையும் சீர்த்தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "மாப்ளே, காத்த எது வேணாலும் இழுக்கும். ஈரத்த இழுக்க இதுதாங்க வேணும், ரெண்டு கட்டமா இழுக்குற டூ ஸ்டேஜ் பாத்து வாங்கினேன்" என்றார். பந்தலில் யாரோ, "மாப்பிள்ளைக்குத் தொழில் கத்துக்குடுக்க வந்துட்டாகப்பா" என்று சொல்ல, சபையே சிரித்தது. எதை எங்கே கொடுப்பது என்று மாமாவுக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பை மறக்க அப்பாவுக்குத் தெரியவில்லை. பம்ப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் போனது.

அடுத்த கோடையில், இறால் வியாபாரம் செய்த அருளாயி அக்காவின் ஃப்ரீசருக்கு அப்பா கேஸ் ஏற்றினார். "இந்த ஒரு தடவ அந்தப் பம்ப எடுங்க. அவளுக்கு இந்த ஃப்ரீசர்தான் பொழப்பு" என்று அம்மா கெஞ்சினாள். "ஒங்க அண்ணன் சீரு ஒன்னோடயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா ஓஸைக் கையில் ஒட்டிப் பார்த்தார். மூன்று நாள் நன்றாகத்தான் குளிர்ந்தது. நான்காம் நாள், உள்ளே மிச்சமிருந்த ஈரம் மெல்லிய குழாயில் பனிக்கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்ள, சேர்த்துவைத்த இறால் அத்தனையும் நாறிப்போனது. வாசலில் வந்து நின்ற அக்கா ஏசவில்லை. "அண்ணே, சரியாத்தான் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"கரண்டு ஏறி எறங்குனா நான் என்னம்மா செய்யிறது?" என்றார் அப்பா. கட்டிலுக்கு அடியில் பம்ப் இருப்பது எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. அக்கா அதன்பிறகு அடுத்தவர் கூடையைச் சுமந்து பிழைத்தாள். மாமா சவுதியிலிருந்து போனில் விசாரிக்கும்போதெல்லாம், "நல்லா ஓடுதுண்ணே" என்று அம்மா சொல்வாள். அம்மாவைச் சொல்லவைத்த அந்தப் பொய்க்காக அப்பாவை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை. அருளாயி அக்காவின் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். போன வாரம்தான் பெட்டியைப் பிரித்தேன். பம்புக்கு ஊற்றும் எண்ணெய்ப் புட்டியின் சீல்கூட உடையாமல் இருந்தது. ஊர் திரும்பி, கண் மங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் மாமா நேற்றும் கேட்டார்: "பம்ப் ஓடுதாம்மா?"

"ஓடுது மாமா" என்றேன்.