சொதிக்கு நான் எழுதிய தீர்ப்பு

ஒருவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் குற்றம் சொன்னால் வீட்டில் அதற்குப் பெயர் வாய்க்கொழுப்பு, பத்திரிகையில் அதற்குப் பெயர் உணவக விமர்சனம். கனடாவில், ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் பலசரக்குக் கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பன்னிரண்டு வருடம் இந்த வேலையைச் செய்தேன். ஊரில் படிப்பித்தவன் என்பதால் எல்லோரும் என்னை மாஸ்ரர் என்பார்கள். பள்ளிக்கூடத்தை விட்டாலும் சிவப்புப் பேனா கையை விட்டுப் போகாது.

"அசல் இந்தியச் சாப்பாடு" என்ற பலகையை நம்பி முக்கால் மணித்தியாலம் கார் ஓடிப்போய், திரும்பும்போது காருக்குள் யாரும் யாரோடும் பேசாமல் வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆறுதல் கிடைக்காது. உங்களிலும் மோசமாக ஏமாந்த ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளலாம்.

வடபழனி இட்லி

நல்ல கடை கேட்டு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுடையவை. இவர்களில் பலர் இந்தியாவைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. கனடாவுக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்சிக்காரனின் சொல்லுக்காகச் சென்னையில் ஒரு லொட்ஜில் காத்திருந்தபோது. அந்த லொட்ஜுக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடைதான் இவர்களுக்கு இந்தியா. அங்கே ஊற்றிய சாம்பார் அசல், மற்ற மாநிலமெல்லாம் கலப்படம்.

வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் ஓர் அன்ரி வடபழனியில் ஏழு மாதம் காத்திருந்தவர். அந்த இட்லிதான் வேண்டும் என்றார். நானும் மாதத்துக்கு ஒரு கடை சொன்னேன். அவரும் மாதாமாதம் "உது இல்லைத் தம்பி" என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் நானே அவரை ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஞ்சு போன்ற இட்லி, அன்று அரைத்த சட்னி. குற்றம் கண்டுபிடிக்க எனக்கே வழியில்லை. அன்ரி இரண்டு இட்லியையும் ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தார்.

"இட்லி சரிதான் தம்பி. அப்ப பொலிஸ் வருமோ, ஏஜென்சிக்காரன் ஏமாத்திப்போடுவானோ எண்டு ஒவ்வொரு வாயும் பயந்து பயந்து சாப்பிட்டனான். இப்ப பயமில்லை. அதுதான் ருசி காணாமக் கிடக்குது."

வாளி

நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு பஃபே. தென்னிந்திய உணவுக்கென்று தனி மேசை, அதன்மேல் வாழையிலை போல் வெட்டிய பச்சைப் பிளாஸ்டிக். சாம்பாரில் ராஜ்மா மிதந்தது. பரிமாறிய பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்தவள். எனக்குள் இருந்த மாஸ்ரர் எழுந்துவிட்டார். தஞ்சாவூர்ச் சாம்பார், உடுப்பிச் சாம்பார், பாலக்காட்டுச் சாம்பார் என்று அவளுக்கு ஒரு பாடமே நடத்தினேன். கையில் தட்டோடு நின்று முழுவதையும் கேட்டாள். முடிவில், இது எந்த ஊர்ச் சாம்பார் என்று கேட்டேன். சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஊரெல்லாம் தெரியாதுங்க சார். வாளியில வருது."

கொள்கை

யோகன் என்பவர் அஜின்கோர்ட்டில் ஒரு கடை திறந்தார். அவர் எங்கள் ஊர்க்காரர், கடை இந்தியன் கடை. சமையலுக்குத் திருநெல்வேலியிலிருந்து சங்கரலிங்கம் என்பவரை வேலை அனுமதி எடுத்துக் கூப்பிட்டிருந்தார். நான் சாப்பிடப் போகுமுன்னரே எங்கள் பத்திரிகை ஆசிரியர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அந்த அனுமதித் தாளில் யோகனின் கடை மட்டுமே இருக்கிறது. வேறு கடையில் சங்கரலிங்கம் அடுப்புப் பற்றவைக்க முடியாது. இன்னும் பத்து மாதம் அந்தச் சமையலறையில் நின்றால் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், பிறகு மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். "அந்தாளின்ர சீவியம் உந்தக் கடையிலதான் மாஸ்ரர். பாத்து எழுதுங்கோ," என்றார். விமர்சனத்தில் இரக்கம் கலக்கக்கூடாது என்பது என் கொள்கை என்றேன். எழுதி முடிக்கும்வரை சமையல்காரரோடு பேசுவதில்லை என்பது இன்னொரு கொள்கை.

ஞாயிற்றுக்கிழமை. பட்டியலில் சொதி இருந்தது. இடியப்பத்துக்கு நாங்கள் ஊற்றும் தேங்காய்ப்பால் சொதி, இந்தியக் கடையிலா? வரவழைத்தேன். வெந்தயமில்லை. இடியப்பத்துக்குப் பதிலாகச் சோறு. பாலுக்குள் பாசிப்பருப்பு, கரட், போஞ்சி, முருங்கைக்காய். பக்கத்தில் ஓர் இஞ்சிப் பச்சடி. நன்றாக இருந்தது என்பதை இப்போது சொல்கிறேன். அன்று அதை எழுதவில்லை. யாழ்ப்பாணத்து வாடிக்கையாளரின் முதுகைத் தடவ எங்கள் சொதியைத் திருடி, திருடியதையும் பிழையாகச் சமைத்திருக்கிறார்கள் என்று எழுதினேன். கடைசி வரி இது: "இந்தச் சொதிக்கு ஊருமில்லை, பேருமில்லை." அந்த வரிக்காக ஒரு பின்னேரம் முழுவதும் செலவழித்தேன். ஆசிரியர் இரண்டு தடவை வாசித்தார்.

"வசனம் நல்லாயிருக்கு மாஸ்ரர். கடைதான் பாவம்."

கொத்து

எங்கள் சனம் பத்திரிகை வாசிப்பதில்லை என்று குறைப்படுபவர்கள், ஒரு கடையைப் பற்றிக் குறை சொல்லி எழுதிப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சிலர் கடைக்கே போய், "ஊர் பேர் இல்லாத சொதி ஒண்டு தாங்கோ," என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒரு தடவைதான் வந்தார்கள். சிரிக்காதவர்கள் வரவேயில்லை. யோகன் சொதியை நிறுத்தினார். பிறகு இட்லியைக் குறைத்து, எங்கள் ஆட்களை இழுக்கக் கொத்துரொட்டி போட்டார். வாழ்நாளில் கொத்துரொட்டியைக் கண்ணால் காணாத சங்கரலிங்கம் இரண்டு தகடுகளைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லின் முன்னால் நின்றார். சத்தம் வந்தது, தாளம் வரவில்லை.

இதைக் கேள்விப்பட்டு யோகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னிப்புக் கேட்க எடுத்ததாக நீங்கள் நினைத்தால் என்னை இன்னும் அறியவில்லை. இந்தியன் கடை என்று பலகை போட்டுவிட்டுக் கொத்துரொட்டி விற்பது முறையா என்று கேட்டேன்.

"சொதியும் பிழை, கொத்தும் பிழையெண்டா, உந்த மனிசனை வச்சு நான் என்ன விறகே கொத்துறது மாஸ்ரர்? பிழையெண்டு சொல்ல உங்களுக்கு ஒரு நிமிசம். அந்தாளுக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கு."

மறுவீடு

அடுத்த வாரம் மோர்னிங்சைட்டிலிருந்து ஒரு பெண் அழைத்தார். பாளையங்கோட்டைக்காரர். கறிவேப்பிலை வாங்கப் போன கடையில் எங்கள் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் என் விமர்சனம்.

திருநெல்வேலிப் பக்கத்தில், அவர்களுடைய சைவ வீடுகளில் கலியாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்துக்குச் சொதிதான் வைப்பார்களாம். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. அவருடைய கலியாணத்துக்கும் அதுதான், அவருடைய அம்மாவின் கலியாணத்துக்கும் அதுதான். கோபப்படாமல், பாடம் விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குக் காது சுட்டது. எழுத்துப் பிழைக்கு அகராதி பார்க்கிறவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து அடி நடந்து சமையலறைக் கதவைத் தட்டி, ஐயா, இது என்ன என்று கேட்டிருந்தால் போதும். அங்கே போய்ச் சாப்பிட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீங்க திட்டி எழுதினதாலதான் சார் இங்க சொதி கிடைக்குன்னே எங்களுக்குத் தெரிஞ்சுது. நானும் வீட்டுக்காரரும் ஆசையா போனோம். நிறுத்தியாச்சுன்னு சொல்லிட்டாங்க."

திருத்தம்

முக்கால் பக்கத்துக்குத் திருத்தம் எழுதினேன். திருநெல்வேலிச் சொதியின் சேர்மானம், எங்கள் சொதியோடு அதற்குள்ள உறவு, என் அறியாமை எல்லாம் அதில் இருந்தன. அறியாமையைப் பற்றிய பந்தி மற்றவற்றிலும் நீளம். ஆசிரியர் வாசித்துப் பார்த்து நாடியைச் சொறிந்தார். என் வழக்கமான பக்கத்தை ஒரு கலியாண மண்டபக்காரர் விளம்பரத்துக்கு எடுத்துவிட்டாராம். முக்கால் பக்கம் எட்டு வரியாகி, எட்டு வரி இரண்டானது. அந்த இரண்டுக்காவது நல்ல இடம் தரச்சொல்லிக் கெஞ்சினேன். பிழையை முழுப்பக்கத்தில் போட்டதை அவருக்கு நினைவூட்டினேன்.

"கண்ணீர் அஞ்சலிப் பக்கத்திலதான் மாஸ்ரர் இடம் கிடக்கு. யோசியாதேங்கோ, சனம் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறது அந்தப் பக்கத்தைத்தான்."

சிபார்சு

அந்த வாரமே யோகன் கடையை விடப்போவதாக அறிவித்துவிட்டார். சங்கரலிங்கத்துக்கு வேறு முதலாளி வேண்டும். முதலாளி விண்ணப்பித்துப் புதுத் தாள் எடுக்க வேண்டும். எனக்கு இந்த நகரத்தில் உணவக உரிமையாளர்களைத்தான் தெரியும் என்பதால் பட்டியல் போட்டு ஒவ்வொருவராக ஏறி இறங்கினேன். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பன்னிரண்டு வருடத்தில் அவர்கள் எல்லோருடைய கடைகளையும் பற்றி நான் எழுதியிருந்தேன். ஒருவர் என் பழைய விமர்சனத்தைச் சட்டம் போட்டுக் கழிவறைக்குள் மாட்டி வைத்திருந்தார். இன்னொருவர் கதவைத் திறந்து பிடித்தபடியே பேசினார். தாள் வேலைக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும், ஆளைப் பார்த்ததில்லை, எப்படி நம்புவது என்றார்கள். நான் உத்தரவாதம், அருமையான சமையல்காரர் என்றேன். ஒரு முதலாளி மட்டும் கோப்பி தந்து உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். நம்பிக்கையோடு அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு ஒரு சமையல் பிடிச்சிருக்கெண்டு இண்டைக்குத்தான் மாஸ்ரர் கேள்விப்படுறன். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

எலுமிச்சம்பழம்

சங்கரலிங்கத்தை நான் நேரில் பார்த்தது அதன் பிறகுதான். கடையில் மேசைகளெல்லாம் போய்விட்டன. பின்கதவு வழியாக மத்தியான வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய அண்டாவைப் படுக்கவைத்து, தலையை உள்ளே விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான்தான் அந்த விமர்சனத்தை எழுதியவன் என்று சொன்னேன். அண்டாவுக்குள்ளிருந்து வெளியே வந்து, கையை வேட்டியில் துடைப்பதுபோலக் காற்சட்டையில் துடைத்தார். "நீங்கதானா? வாங்க அண்ணாச்சி. அடுப்பைக் கழட்டிட்டாங்க, ஒரு டீ குடுக்க வழியில்ல," என்றார்.

திருத்தம் வந்த பத்திரிகையைக் கொடுத்தேன். இரண்டு வரியையும் வாசித்தார். மேலே இருந்த கண்ணீர் அஞ்சலிப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வியாழக்கிழமை விமானமாம். மகளிடம் இன்னும் சொல்லவில்லையாம். கனடாவில் போய்ச் சேரப்போகும் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவள் சிநேகிதிகளிடம் சொல்லிவைத்திருக்கிறாளாம். அவர்தான் பேச்சை மாற்றினார். "ஒங்க ஊர்ல சொதி எப்படி வைப்பிய?" என்று கேட்டார். வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், வெந்தயம், முதலில் தண்ணிப்பால், கடைசியில் கட்டிப்பால், இறக்கி வைத்த பிறகு தேசிக்காய்ப் புளி என்று சொன்னேன். எலுமிச்சம்பழத்தைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "எங்களுக்கும் எறக்கி வச்சுத்தான் எலுமிச்சம்பழம் அண்ணாச்சி. அடுப்புல இருக்கும்போது விட்டா பால் திரிஞ்சு போயிரும்," என்றார். பிறகு அண்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்க உள்ளவங்களும் சொதி சாப்பிடுதவங்கதான்னு யோகன் சார் சொன்னாரு. அப்ப நம்ம ஆளுகதானேன்னு நினைச்சுத்தான் அன்னைக்கு அதை வச்சேன்."

ரொறன்ரோவில் பன்னிரண்டு வருடம் தேடி நான் கண்டுபிடித்த ஒரேயொரு அசல் இந்தியச் சாப்பாட்டை, போலி என்று எழுதி நானே விமானம் ஏற்றி அனுப்பிவைத்தேன்.